மோட்டார் வாகனத் தொழில் படிக்கும் மாணவர் பணியிடப் பயிற்சிக்குத் தயாராவது எப்படி? – நெல்லைச் சீமைக்கு ஒரு வழிகாட்டி

பேட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ அரசு ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவை முடித்துவிட்டுப் பயிற்சிக்குச் சேரும் மாணவர்களில் பலர், மாதக் கணக்கில் வண்டி கழுவுவதிலும் டயர் உருட்டுவதிலும் தேநீர் வாங்கி வருவதிலுமே காலம் போவதாகக் குறைப்படுகின்றனர். குறை நியாயமானதே. ஆனால் அதே பட்டறையில் அதே நாளில் சேர்ந்த இன்னொரு மாணவருக்குச் சில வாரங்களிலேயே பிரேக் வேலை கிடைத்துவிடுவதையும் காண்கிறோம். ஹெட் மெக்கானிக் இந்த இருவரையும் தரம் பிரிப்பது அவர்களுடைய மதிப்பெண்ணை வைத்தல்ல. கொடுத்த சிறு வேலையை, தான் மறுபடி குனிந்து பார்க்கத் தேவையில்லாதபடி முடித்துக் கொடுப்பவர் யார் என்பதை மட்டுமே அவர் கவனிக்கிறார். முடிப்பது என்றால் கழற்றிப் பூட்டுவது மட்டுமன்று. வண்டிக்காரர் சொன்னதைக் கேட்டு எழுதுவது, பூட்டியதைச் சோதிப்பது, கருவியைத் துடைத்து அதன் இடத்தில் வைப்பது, ஒவ்வொரு வண்டிக்கும் எழுதும் வேலைச்சீட்டான ஜாப் கார்டில் செய்ததைக் குறிப்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். அந்தப் பழக்கத்தோடு பயிற்சியில் நுழைவதற்கு மாணவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

சேரும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் பகுதியில் இத்தொழில் ஒரே மாதிரியாக இல்லை. பாளையங்கோட்டையிலும் வண்ணாரப்பேட்டை பைபாஸ் சாலையிலும் உள்ள நிறுவன சர்வீஸ் சென்டர்களில் ஒரே நிறுவனத்தின் வண்டிகளே வரும். வேலை முறை எழுத்தில் இருக்கும், வண்டியின் கணினியிலிருந்து பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கும், நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் இருக்கும், ஆனால் ஒரு பயிற்சியாளர் பல மாதம் ஒரே வகை சர்வீஸையே செய்ய நேரலாம். தச்சநல்லூர்ப் பக்கமும் நான்குவழிச் சாலையோரமும் இருக்கும் லாரிப் பட்டறைகளில் கிளட்ச், கியர்பாக்ஸ், பட்டை ஸ்பிரிங், ஏர் பிரேக் என்று கனமான வேலைகள் நாள்தோறும் வரும். அங்கே கை நன்றாகத் திருந்தும், ஆனால் எழுதும் பழக்கம் பெரும்பாலும் இருக்காது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் திருநெல்வேலிக் கோட்டப் பணிமனைகளில் சேர்ந்தால், குறித்த கிலோமீட்டருக்கு ஒருமுறை குறித்த பராமரிப்பு என்னும் ஒழுங்கைக் கற்கலாம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரங்களில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. நெல் அறுவடைக் காலத்தில் அங்கே ஹைட்ராலிக் வேலை கற்பதற்கு நிகரான வாய்ப்பு நகரத்தில் கிடைப்பதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் என் கருத்து இதுதான். ஒப்பந்தம் பதிவு செய்யப்படும் ஓராண்டுப் பயிற்சியை நிறுவன சர்வீஸ் சென்டரிலோ போக்குவரத்துக் கழகத்திலோ செய்யுங்கள். படிக்கும் காலத்து விடுமுறைகளை ஊருக்கு அருகில் உள்ள லாரிப் பட்டறையிலோ டிராக்டர் பட்டறையிலோ கழியுங்கள். கனமான வேலையில் கை பழகியவருக்கு, எழுத்து ஒழுங்குள்ள இடத்தில் பயிற்சியும் பதவியும் விரைவாகக் கூடிவருகின்றன; முறையை மாற்றிச் செய்தவர்களுக்கு அந்த அளவு பயன் கிடைப்பதில்லை. இதை மறுப்பவர்களும் உண்டு என்பதை அறிவேன்.

தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டதிலிருந்து, மாணவர்களின் பேச்சு அதைச் சுற்றியே இருக்கிறது. அது நல்ல வாய்ப்புதான். ஆயினும் தொழிற்சாலையில் கார் பூட்டும் வேலையும் பட்டறையில் கார் பழுது பார்க்கும் வேலையும் வெவ்வேறு திறமைகளைக் கேட்பவை என்பதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். பூட்டும் வரிசையில் நிற்பவர், குறித்த வினாடிக்குள், குறித்த வரிசையில், ஒரே செயலை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை பிழையின்றிச் செய்ய வேண்டும். பட்டறையில் நிற்பவரோ இதுவரை பார்த்திராத பழுதை ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டில் எது உங்கள் இயல்புக்குப் பொருந்தும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

ஒப்பந்தமும் ஆவணங்களும்

தொழிற்பழகுநர் பயிற்சி (அப்ரெண்டிஸ்ஷிப்) என்பது 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் நடப்பது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள நிறுவனம் விரும்பினால் எடுக்கலாம். எனவே இரண்டு பேர் மட்டும் வேலை பார்க்கும் பட்டறையில் நீங்கள் எவ்வளவு நன்றாகத் தொழில் கற்றாலும், தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்காது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் ஓராண்டு உழைத்துவிட்டுப் பிறகு சான்றிதழ் கேட்டு அலைவோரை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். ஒப்பந்தம் தொழிற்பழகுநர் பயிற்சிக்கான அரசு இணையதளத்தில் பதிவாகிவிட்டதா, அதில் உங்கள் தொழிற்பிரிவும் பயிற்சிக் காலமும் சரியாக இருக்கின்றனவா என்பதைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பார்த்து ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் ஐடிஐ சான்றிதழ் பெற்றவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. நீங்கள் சேரும் ஆண்டில் நடப்பில் இருக்கும் தொகையை உங்கள் ஐடிஐயின் பயிற்சி அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்படி, ஒன்றிய அரசு தரும் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. ஆகையால் ஆதார் இணைக்கப்பட்ட, நடப்பில் உள்ள வங்கிக் கணக்கு இல்லாமல் சேராதீர்கள். பயிற்சியின்போது விபத்தில் காயம் ஏற்பட்டால் இழப்பீட்டுக்கு நிறுவனமே பொறுப்பு. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே அதைக் கோர முடியும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் ஐடிஐ சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருப்பதாலேயே பதிவு நின்றுபோவது உண்டு. சேர்க்கைக்கு நகல்களைக் கொடுங்கள், மூலச் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டுங்கள். ஆனால் அதை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள். 18 வயது நிறைந்ததும் இருசக்கர வாகனத்துக்கும் இலகுரக வாகனத்துக்கும் சேர்த்து ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடுங்கள். வண்டியை ஓட்டிப் பார்க்கும் உரிமை இல்லாதவரிடம் பழுது பார்க்கும் வேலையை முழுமையாக ஒப்படைக்க முடியாது அல்லவா?

முதல் நாளுக்கு முன்

முக்கூடலிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ நாள்தோறும் நகரத்துக்கு வருபவர், சேர்வதற்கு முன் ஒரு வேலை நாளில் அதே நேரத்தில் பயணம் செய்து பாருங்கள். பேருந்து புதிய பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுமா, வண்ணாரப்பேட்டை வரை போகுமா என்பதில் அரைமணி நேரம் வேறுபடலாம். செங்கோட்டை, திருச்செந்தூர் ரயில் பாதைகளில் இருப்பவர்கள் சீசன் டிக்கெட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சர்வீஸ் சென்டரில் காலை முதல் அரைமணி நேரத்தில்தான் அன்றைய வண்டிகள் பங்கிடப்படுகின்றன. தாமதமாக வருபவருக்கு மிஞ்சுவது கழுவும் தளம்தான்.

உடையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கையில் கட்டிய கோயில் கயிறு, காப்பு, மோதிரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைப் பட்டறைக்குள் நுழையுமுன் கழற்றிவிடுங்கள். கயிறு சுழலும் ஃபேன் பெல்ட்டில் சிக்கும். காப்பும் மோதிரமும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் இடையில் பட்டால் நொடியில் பழுத்துக் கையைச் சுடும். வேண்டுதலுக்குக் கட்டிய கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள், முழுக்கைச் சட்டைக்குள் அடக்கி இறுகப் பொத்தானிட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வர். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. செருப்பு அணிந்து வேலை செய்யாதீர்கள், முன்புறம் கெட்டியான ஷூ அணியுங்கள். கம்ப்ரஸர் காற்றால் உடம்பில் உள்ள தூசியை ஊதுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கும் வழக்கம்தான், ஆயினும் கண்ணுக்கும் காதுக்கும் அது ஆபத்தானது.

பெண் மாணவர்கள் சேருமுன் கழிப்பறை, உடைமாற்றும் அறை, மாலை வேலை முடியும் நேரம் ஆகியவற்றை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது முறையானது. அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் பாலியல் தொல்லை குறித்த புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் உறுப்பினர் பெயர்ப்பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்தக் கருவி என்று பார்த்தால் தொடக்கத்தில் மின் அளவு பார்க்கும் ஒரு மல்டிமீட்டர், நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ், டயர் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், சிறு டார்ச் ஆகியவை போதும். ஸ்பேனர் செட்டைப் பட்டறை தரும். மலிவான ஸ்பேனர் வாங்கி நட்டின் முனையை மழுக்கிவிடுவதைவிட, பொறுத்திருந்து நல்லது ஒன்று வாங்குவதே மேல்.

சிறு வேலையை முழு வேலையாகச் செய்தல்

முதல் மாதங்களில் உங்களுக்குத் தரப்படும் வேலைகள் நான்கைந்துதான்: சக்கரம் கழற்றி மாட்டுவது, ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டர் சுத்தம் செய்வது, பேட்டரி பார்ப்பது, பிரேக் பேடு மாற்றுவது. இவற்றை எப்படிச் செய்கிறீர்கள் என்பதிலிருந்துதான் அடுத்த வேலை முடிவாகிறது.

சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். வண்டியைத் தூக்குமுன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கியை நிறுவனம் குறித்துள்ள இடத்தில் மட்டும் வையுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை நீட்டக்கூட வேண்டாம். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு நட்டையும் முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்றுங்கள். ஸ்பேனரால் தொடங்கினால் மரை குறுக்கே ஏறி, நட்டு ஏறும் ஸ்டட் போய்விடும். பிறகு எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முறுக்கி, வண்டியை இறக்கியபின் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்குங்கள். பல கார்களில் அது ஏறக்குறைய 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சரியான எண்ணை அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள். லாரியாக இருந்தால், சிறிது தூரம் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் சொல்லுங்கள், கார்டிலும் எழுதுங்கள்.

இங்கே ஒரு சங்கடம் எழும். பல ஆண்டு அனுபவம் உள்ள மேஸ்திரி, கையின் உணர்வாலேயே இறுக்குவார், டார்க் ரெஞ்சைத் தொடமாட்டார். அவரிடம் கையேட்டைக் காட்டி வாதம் செய்வதில் பயனில்லை. "அண்ணாச்சி, நான் இறுக்கினது சரியான்னு ரெஞ்ச் வச்சுப் பாத்துக்கிடட்டுமா?" என்று உங்கள் வேலையைச் சோதிக்க அனுமதி கேளுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள். சில மாதத்தில் உங்கள் கையும் ரெஞ்சும் ஒரே எண்ணைச் சொல்லத் தொடங்கும்.

ஆயில் மாற்றுவதில் பிழைகள் பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில் நடக்கின்றன. பழைய வாஷரையே மறுபடி போடுவது, புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவாமல் மாட்டுவது, பழைய ஃபில்டரின் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் புதியதை அதன்மேல் ஏற்றுவது ஆகிய மூன்றும் அடிக்கடி நிகழ்பவை. ஊற்றி முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைந்ததை உறுதி செய்து, நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவுக்கோலைப் பாருங்கள்; பிறகு டார்ச் அடித்து அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் பேடு மாற்றினால், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை அழுத்தி அது கெட்டிப்படுவதை உறுதிசெய்யுங்கள். புதுப் பேடுக்கு இடம் தரப் பின்னுக்குத் தள்ளப்பட்ட பிஸ்டன் பேடைத் தொடாதவரை பிரேக் பிடிக்காது. இதை மறந்து வண்டியை எடுத்தவர்கள் பட்டறைச் சுவரில் மோதியிருக்கின்றனர்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மல்டிமீட்டரில், ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். ஓடும்போதும் 12-ஐத் தாண்டவில்லை என்றால் குறை, பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கிறது; புதுப் பேட்டரி விற்பதால் அது தீராது. இரண்டு எண்களையும் கார்டில் எழுதுங்கள். 'பேட்டரி பார்க்கப்பட்டது' என்று எழுதுவதால் எவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

வண்டி எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள்

"அண்ணாச்சி, ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்கு" என்று ஒருவர் சொன்னால், அதை அப்படியே எழுதிக்கொண்டு பானெட்டைத் திறப்பது பாதி வேலை. எந்த ஏற்றம், எவ்வளவு சுமை, இன்ஜின் சூடான பிறகா தொடக்கத்திலேயா, எத்தனை நாளாக, அதற்கு முன் வேறு எங்காவது வேலை பார்த்தார்களா என்று கேட்டு எழுத வேண்டும். நம் பகுதியில் இவற்றோடு இன்னொரு கேள்வியும் அவசியம்: வண்டி நாள்தோறும் எங்கே ஓடுகிறது?

களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் ஏற்றும் சிறு சரக்கு வண்டிகளில், அளவுக்கு மீறிய சுமையால் பட்டை ஸ்பிரிங்கும் கிளட்சும் முதலில் பழுதாகும். கல்குவாரிச் சாலையில் ஓடும் டிப்பரில் ஏர் ஃபில்டர், கையேட்டில் சொன்ன தூரத்துக்கு மிகவும் முன்பே அடைத்துவிடும். இழுவைக் குறைவுக்கு அதுவே காரணமாக இருக்கும். திருச்செந்தூர், உவரிக் கடற்கரையில் நிற்கும் வண்டிகளிலும் தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் லாரிகளிலும் எர்த் இணைப்புகளும் கனெக்டர்களும் அரித்துப்போய், சரியான பாகங்களையே கெட்டவை போலக் காட்டும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் வரிசையாகச் சரிபார்ப்புக்கு வரும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்கும் மலைச்சாலைக்கு அவை போகின்றன என்பதால், பிரேக் பேடின் கனத்தையும் பிரேக் ஆயிலின் வயதையும் கட்டாயம் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியது சூட்டில் சீக்கிரம் கொதித்து, நீண்ட இறக்கத்தில் பெடல் உள்ளே போய்விடும். ஓட்டுநரிடம் கீழ் கியரில் இறங்கச் சொல்வதும் உங்கள் பணியைச் சேர்ந்ததே. இந்தக் காலத்திலும் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்திலும் பட்டறையில் ஆள் போதாது. விடுமுறை கேட்காமல் நின்று உழைக்கும் பயிற்சியாளருக்கு, மற்ற நாளில் கிடைக்காத வேலைகள் கைக்கு வரும்.

2023 டிசம்பரில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பெய்த பெருமழை வெள்ளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பலர் முதலில் செய்தது சாவியைத் திருப்பியதுதான். சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மூழ்கிய வண்டியின் பேட்டரியைத் துண்டித்து, ஸ்டார்ட் செய்யாமல் இழுத்து வந்து, ஸ்பார்க் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, கையால் இன்ஜினைச் சுற்றி நீரை வெளியேற்றி, ஆயில் பால் நிறத்தில் மாறியிருந்தால் இன்ஜின் ஆயிலையும் கியர் ஆயிலையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். இங்கே நேர்முகத் தேர்வில் இதைக் கேட்பவர்கள் உண்டு. காரணத்தோடு சொல்பவருக்கு அந்த ஒரு பதிலே போதுமானதாக இருக்கும்.

ஸ்கேனர், பிஎஸ் 6, மின்வண்டி

2020 ஏப்ரல் 1 முதல், பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகளே புதிதாகப் பதிவாகின்றன. இவற்றில் சென்சார் மிகுதி. ஸ்கேனர் இல்லாமல் பல பழுதுகளைக் காண முடியாது. ஆனால் ஸ்கேனர் காட்டும் எண், மாற்ற வேண்டிய பாகத்தின் பெயரன்று. 'பி0335' என்று வந்தால், கிராங்க்ஷாஃப்ட் சென்சாரின் மின்சுற்றில் எங்கோ குறை இருக்கிறது என்பதே பொருள். சென்சாரை மாற்றுமுன் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்து வீடுகளில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயர் மிகச் சாதாரணம். பாகத்தை மாற்றிப் பார்த்துப் பழுதைத் தேடும் வழக்கம் வாடிக்கையாளரின் பணத்தில் பாடம் படிப்பதாகும். அந்தப் பழக்கம் உள்ள இடத்தில் இருந்தாலும் நீங்கள் அதைக் கற்க வேண்டாம். புதிய டீசல் லாரிகளில் யூரியாக் கரைசல் ஊற்றும் தொட்டியும் புகை வடிகட்டியும் இருக்கும். தொட்டியில் வேறு எதையும் ஊற்றக் கூடாது என்பதை ஓட்டுநருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மின்வண்டியில் ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும், அதற்கென்று தனிப்பயிற்சி பெறாதவர் தொடக்கூடாது. உயர் அழுத்த மின்சாரம் அதில் செல்கிறது. பேட்டரியைத் துண்டித்த பிறகும் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். டயர், பிரேக், ஏசி ஃபில்டர், 12 வோல்ட் பேட்டரி போன்ற வேலைகளில் தொடங்கி, நிறுவனம் தரும் பாதுகாப்புப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

குறிப்பேடும் நேர்முகமும்

ஐடிஐ பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 150 மணி நேரம் பணியிடப் பயிற்சிக்கோ குழுவாகச் செய்யும் திட்டப்பணிக்கோ ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த மணி நேரங்களிலிருந்தே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கிவிடுங்கள். தேதி, வண்டியின் மாடல், ஓடிய தூரம், வாடிக்கையாளர் சொன்ன குறை, கண்ட காரணம், செய்த வேலை, தனியாகச் செய்தேனா உதவியாக நின்றேனா என்னும் விவரம் ஆகியவை ஒவ்வொரு வேலைக்கும் இருக்கட்டும். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் வேண்டாம். அதே வண்டி அதே குறையோடு திரும்பி வந்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்; திரும்பி வந்த வண்டியில்தான் அதிகம் கற்கிறோம்.

நேர்முகத்தில் நீண்ட சுயவிவரம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். குறிப்பேட்டிலிருந்து எடுத்து, தனியாகச் செய்யக்கூடிய வேலைகளை ஒரு பத்தியாகவும், உதவியோடு செய்தவற்றை வேறொரு பத்தியாகவும் எழுதுங்கள். 'இன்ஜின் ஓவர்ஹால் தெரியும்' என்று பொதுவாக எழுதிவிட்டு, அளவு எடுக்கும் வெர்னியர் காலிபரைக் கையில் கொடுத்ததும் அளவு படிக்கத் திணறுகிற மாணவரைத் தேர்வாளர்கள் மறப்பதில்லை. கேள்வி பெரும்பாலும் "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்வீர்கள்?" என்பதாகவே இருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா இல்லையா என்று முதலில் பிரித்துக்கொண்டு, சுற்றவில்லை என்றால் பேட்டரி, இணைப்பு, ஸ்டார்ட்டர் என்றும், சுற்றுகிறது என்றால் எரிபொருள், பொறி, காற்று, சென்சார் என்றும் வரிசையாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எந்தக் கையேட்டில் பார்ப்பேன் என்பதைச் சேர்த்துச் சொல்லலாம். பட்டறையில் எல்லாரையும் அண்ணாச்சி என்று அழைத்துப் பழகியிருந்தாலும், சர்வீஸ் சென்டரின் நேர்முகத்தில் சார், மேடம் என்பதே வழக்கம்.

பணி ஆணை கைக்கு வருமுன் சம்பளம், கூடுதல் நேர வேலைக்கான தொகை, வார விடுமுறை, வருங்கால வைப்புநிதி, ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) ஆகியவற்றை வெளிப்படையாகக் கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்கு வருங்கால வைப்புநிதியும், 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளக்காரருக்கு ஈஎஸ்ஐயும் பொருந்தும். தொழிற்பழகுநராக இருக்கும்வரை இவை பிடிக்கப்படுவதில்லை. நிரந்தர வேலையில் சேர்ந்ததும் தொடங்க வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஐடிஐ தகுதியைக் கூடுதலாகப் பதிந்து, உரிய காலத்தில் புதுப்பித்து வாருங்கள்; அங்கே நடக்கும் தனியார் துறை முகாம்களுக்குக் குறிப்பேட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

பயிற்சியின் கடைசி மாதத்தில் செய்ய வேண்டியவை மூன்று. தேசியத் தொழிற்பழகுநர் தேர்வுக்கு உங்கள் பெயர் போய்விட்டதா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் வேலை பார்த்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, நிறுவனத்தின் முத்திரையோடு அனுபவக் கடிதம் ஒன்று வாங்குங்கள். உங்களிடம் தரப்பட்ட கருவிகளைப் பட்டியலோடு ஒப்படைத்து ஸ்டோர் பொறுப்பாளரிடம் கையெழுத்துப் பெறுவதோடு, புதிய இடத்தில் விசாரித்தால் தம் எண்ணைத் தரலாமா என்று ஹெட் மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.